சூயிங்கம்: அதில் கரைவது எது, கரையாதது எது?

பெருங்குடலில் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை. 68 வயதான ஓர் அம்மையாரின் கையில் செவிலியர் ஒருவர் சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஒன்றைக் கொடுத்து, "மென்னுட்டுத் துப்பிருங்க பாட்டி, முழுங்கிராதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குச் சென்றார். அம்மையாரின் மகள் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். மாலையில் செவிலியர் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது.

"அது பிளாஸ்டிக்னு என் பையன் சொல்றான், சிஸ்டர். பன்னிக் கொழுப்பு சேர்ப்பாங்கன்னும் சொல்றாங்க. அம்மா சுத்த சைவம். அதுவும் போக, தப்பித்தவறி முழுங்கிட்டாங்கன்னா தையல் போட்ட குடல்ல போய் ஒட்டிக்காதா?"

இம்மூன்று கேள்விகளில் ஒன்றையேனும் அற்பமென்று தள்ளிவிட எங்களால் இயலவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்று முதல்நாள் சொன்னவர்கள், மறுநாள் குழந்தைகள் மெல்லும் பொருளைக் கையில் கொடுத்தால் எந்தக் குடும்பமும் திகைக்கத்தான் செய்யும். விளக்கம் சொல்லாமல் கொடுத்தது எங்கள் பக்கத்துக் குறை. அக்குறையை நிறைவு செய்யும் பொருட்டே இவ்விதழில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சூயிங்கத்தில் உள்ள பொருள்களை இரண்டாகப் பிரித்துக் காண்பது எளிது: உமிழ்நீரில் கரைவன, கரையாதன. வாயிலிட்ட முதல் சில நிமிடங்களில் இனிப்பும் மணமும் கரைந்து வயிற்றுக்குச் சென்றுவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு நேரம் மென்றாலும் குறையாமல் எஞ்சி நிற்கும் பசையே இரண்டாவது பகுதி. தயாரிப்பாளர்கள் அதனைக் 'கம் பேஸ்' என்று அழைக்கின்றனர். மொத்த எடையில் அது ஏறத்தாழக் கால் பங்கு மட்டுமே. எஞ்சிய முக்கால் பங்கும் சர்க்கரை அல்லது அதற்கு மாற்றான இனிப்பு, பாகு, மணப்பொருள், நிறம், காய்ந்துபோகாமல் காக்கும் கிளிசரின் ஆகியவையே.

உறையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். இனிப்புகளும் நிறங்களும் எண்களோடு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அப்பசையைப் பற்றிக் 'கம் பேஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அடங்கியிருக்கலாம். மக்களிடையே ஐயம் எழுவதற்கு இந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

அதற்குள் இருப்பன யாவை? இழுபடும் தன்மைக்காகச் செயற்கை ரப்பர் வகைகள் சேர்க்கப்படுகின்றன. பாலிஐசோபியூட்டிலீன், பியூட்டைல் ரப்பர் என்பன அவற்றுட் சில. குளிரில் இறுகி, வாயின் வெப்பத்தில் இளகும் தன்மைக்காகப் பாலிவினைல் அசிடேட் சேர்க்கப்படுகிறது. இவையிரண்டையும் ஒன்றோடொன்று இணங்கச் செய்வதற்குப் பைன் மரத்துப் பிசினிலிருந்து பெறப்படும் ரெசின்கள் உண்டு. மென்மைக்காக மெழுகும் தாவரக் கொழுப்பும், நீரும் எண்ணெயும் கலந்து நிற்பதற்காக லெசித்தினும் சேர்கின்றன. பருமனுக்காகச் சேர்ப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் தூய தூள். புளிப்புச் சுவையுள்ள வகைகளில் மட்டும் அதற்குப் பதிலாக டால்க் என்னும் கல்மாவு இடம்பெறுவதுண்டு. சுண்ணாம்புத் தூளும் புளிப்பு அமிலமும் சேர்ந்தால் வாயு கிளம்பிவிடும் என்பதே காரணம்.

ஆக, அந்தப் பேரன் சொன்னது பொய்யன்று. மரவேலை செய்வோர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையிலும் பாலிவினைல் அசிடேட்தான் முதன்மைப் பொருள். மிதிவண்டி டியூபுகளிலும் பியூட்டைல் ரப்பர் உண்டு. நேர்மையாகச் சொல்வதானால், இன்றைய சூயிங்கத்தின் பசை ஒருவகைப் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த கலவையே. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உணவுக்கென்று பயன்படுபவை தனியே தூய்மை செய்யப்பட்டவை. எந்தெந்தப் பொருள்கள் சேரலாம் என்பதற்குப் பல நாடுகளில் உணவுச் சட்டப் பட்டியல் உண்டு. மேலும் அப்பசை செரிமானமாகி இரத்தத்தில் கலப்பதில்லை. மெல்வதற்கான பொருளேயன்றி அது உண்பதற்கான பொருளன்று.

நுண்பிளாஸ்டிக் குறித்தும் சிலர் எங்களிடம் கேட்டனர். 2025-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வின் முடிவை வெளியிட்டனர். செயற்கைப் பசை கொண்டவை ஐந்து, இயற்கைப் பசை கொண்டவை ஐந்து என 10 வணிகப் பெயர்களை ஒரே ஒருவர் மென்று, அவருடைய உமிழ்நீர் சோதிக்கப்பட்டது. ஒரு கிராம் சூயிங்கத்திலிருந்து சராசரியாக 100 நுண்துகள்களும், சிலவற்றிலிருந்து 600 வரையிலும் வெளிவந்தன. வியப்பு என்னவெனில், இயற்கை என்று சொல்லி விற்கப்பட்டவற்றிலும் ஏறக்குறைய அதே அளவு காணப்பட்டது. துகள்களில் பெரும்பகுதி முதல் இரண்டு நிமிடங்களிலேயே வெளிவந்துவிடுகிறது. இதனால் உடலுக்கு இன்ன தீங்கு நேரும் என்று அவ்வாய்வு சொல்லவில்லை. அஞ்ச வேண்டாம் என்று சொல்லவும் அது போதாது. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிது புதிதாக வாயிலிடுவதைவிட ஒன்றையே சற்று நீண்ட நேரம் மெல்லுதல் நல்லது என்ற அளவில் நாம் அதனை ஏற்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில நாள் மட்டும் மெல்பவருக்கு இது பெரிய கவலையாகாது என்றே கருதுகிறோம்.

இரண்டாவது கேள்வி சைவம் பற்றியது. இதில் பொதுவாக ஒரு விடை கூறுதல் இயலாது. கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் போன்றவற்றைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். சில நாடுகளில் விற்கும் சில வகைகளில் ஜெலட்டின் சேர்க்கப்படுவதும் உண்டு. ஆகவே பேச்சு முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி, பொட்டலமிட்டு விற்கும் உணவின்மீது சைவத்திற்குப் பச்சைக் குறியும் அசைவத்திற்குப் பழுப்புக் குறியும் இருத்தல் வேண்டும். பச்சைக் குறியைப் பார்த்து வாங்கினால் போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருபவற்றில் இக்குறி இராது என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

இவ்வளவு செயற்கையான பொருள் தொடக்கத்தில் ஒரு மரத்தின் பால்தான். அம்மரம் நமக்கு அயலானதன்று. சப்போட்டாவைக் காயாகப் பறித்துக் கடித்தவர்கள் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் பாலை மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் தடவித்தான் அதனை எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பால்தான் சூயிங்கத்தின் தாய். இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் சீமை இலுப்பை என்றும் நாம் அதனை அழைப்பதுண்டு. அதன் சொந்த ஊர் மெக்சிகோவின் யூகட்டான் பகுதியும் அதனையடுத்த குவாட்டமாலா, பெலிஸ் காடுகளும் ஆகும். அங்கு மாயர்களும் ஆஸ்டெக்குகளும் அப்பாலைக் காய்ச்சி இறுகச்செய்து மென்றனர். 16-ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெக் மக்களின் வழக்கங்களைத் தொகுத்த ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ டி சகாகுன், பலர் முன்னிலையில் மெல்லுவது சிறுவர்க்கும் மணமாகாத பெண்களுக்கும் மட்டுமே ஏற்புடையதாகக் கருதப்பட்டதென்றும், பெரியவர்கள் மறைவில் மென்றனர் என்றும் எழுதிவைத்தார். பெரியவர் முன் வாயசைத்துக்கொண்டு நிற்காதே என்று அதட்டும் நம் வீட்டுப் பெரியோர் அங்கும் இருந்திருக்கின்றனர்!

சிக்லே என்னும் அப்பாலை எடுப்போர் சிக்லேரோக்கள் எனப்பட்டனர். மழைக்காலத்தில் காட்டுக்குள் சென்று, இடுப்பில் கயிறு கட்டி மரமேறி, வெட்டுக்கத்தியால் பட்டையில் வளைந்து வளைந்து இறங்கும் கீறல்களை இடுவர். பால் அக்கீறல் வழியே வடிந்து அடியில் கட்டிய பையில் சேரும். அதனைப் பெரிய கொப்பரையில் காய்ச்சிக் கட்டிகளாக்கி அனுப்புவர். ஒருமுறை கீறிய மரத்தைப் பல ஆண்டுகள் ஆறவிட வேண்டும். கயிற்றின்மேல் கத்தி பட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இது உலகச் சந்தைக்கு வந்த கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சாந்தா அன்னா 1860-களில் நாடு கடத்தப்பட்டு நியூயார்க்கை அடுத்த ஸ்டேட்டன் தீவில் தங்கியிருந்தார். சிக்லேயை ரப்பருக்கு மாற்றாக விற்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதனைக் கொண்டு வண்டிச் சக்கரம், மழைக்காலணி, பொம்மை முதலியன செய்ய முயன்றார், எதுவும் கைகூடவில்லை. இறுதியில் அதனை மெல்லும் பொருளாக உருட்டி விற்றார். 1871-இல் அதனைச் செய்யும் இயந்திரத்திற்கும் காப்புரிமை பெற்றார். முட்டைவிட்டு ஊதும் பபிள்கம் 1928-இல் வால்டர் டீமர் என்னும் கணக்கரின் கைவண்ணத்தில் பிறந்தது. அன்று தொழிற்கூடத்தில் கைக்கெட்டிய நிறம் இளஞ்சிவப்பு என்பதால்தான் அது இன்றளவும் அந்நிறத்தில் வருகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தேவை பெருகியதும் காட்டு மரங்கள் ஈடுகொடுக்க இயலவில்லை. செயற்கைப் பசை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழைமை இதனினும் நீண்டது. டென்மார்க்கின் சில்ட்ஹோம் என்னுமிடத்தில் கிடைத்த, பிர்ச் மரப்பட்டைத் தாரினால் ஆன மெல்லுகட்டி ஒன்று ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் பழையது. அதனை மென்ற பெண்ணின் மரபணு முழுவதையும் அதிலிருந்தே ஆய்வாளர்கள் 2019-இல் படித்தறிந்தனர். திருவிழாக் கடைகளில் கம்பில் சுற்றி விற்கும் நம் சவ்வு மிட்டாய் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது சர்க்கரைப் பாகு, முழுவதும் கரைந்துவிடும்.

இனி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதனை ஏன் கொடுக்கிறோம் என்பதற்கு வருவோம்.

வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின் குடல் சிறிது காலம் அசைவற்றிருக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாளாகலாம். சிலருக்கு இது நீண்டுவிடுகிறது. வயிறு உப்பும், குமட்டல் வரும், சாப்பிட இயலாது, வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகும். மருத்துவர்கள் சுற்றுப்பார்வையின்போது "காத்துப் பிரிஞ்சுதா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது இதனாலேயே. பலர் வெட்கி, "இல்ல" என்றோ "ஆச்சு" என்றோ ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகின்றனர். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு எப்போது கஞ்சி கொடுப்பது என்பதை அந்த விடையைக் கொண்டுதான் தீர்மானிக்கிறோம்.

மெல்லும்போது வாய், மூளைக்கு 'உணவு வருகிறது' என்று செய்தி அனுப்புகிறது. மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக அச்செய்தி வயிற்றையும் குடலையும் சென்றடைய, உமிழ்நீரும் செரிமான நீர்களும் சுரக்கின்றன, குடலின் அசைவு தூண்டப்படுகிறது. உண்மையில் எதுவும் விழுங்கப்படுவதில்லை. குடலை ஏமாற்றி எழுப்பும் ஒரு பொய்யுணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள் லேப்ராஸ்கோப் முறையில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 19 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். நாளொன்றுக்கு மூன்று முறை மென்றவர்களுக்குச் சராசரியாக 2.1-ஆம் நாளிலும், மெல்லாதவர்களுக்கு 3.2-ஆம் நாளிலும் காற்றுப் பிரிந்தது.

19 பேரை மட்டும் கொண்டு எதையும் உறுதிசெய்ய இயலாது. அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 81 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கி, பரிசீலித்தது. பயன் இருப்பதற்கான சான்று ஓரளவு உண்டு, ஆனால் ஆய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்பதே அதன் முடிவு. சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்களைப் பற்றி 2016-இல் அதே அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்தபோது, மென்றவர்களுக்குச் சுமார் 7 மணி நேரம் முன்னதாகக் காற்றுப் பிரிந்தது தெரியவந்தது. அங்கும் சான்றின் தரம் உயர்ந்ததன்று. ஆகவே இதனை மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. செலவு சில ரூபாய், தீங்கு அரிது, பயன் சிறிதேனும் இருக்கலாம். இம்மூன்றையும் எண்ணியே கொடுக்கிறோம். எழுந்து நடப்பதும், வலியைச் சரியாகக் கட்டுப்படுத்துவதும், மருத்துவர் சொன்னவுடன் உண்ணத் தொடங்குவதும் இதனைவிட முக்கியமானவை. நடக்காமல் படுத்துக்கொண்டு மெல்லுவது போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

எல்லாருக்கும் கொடுப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மயக்கம் முழுதும் தெளியாதவர், பக்கவாதத்தால் விழுங்குவதில் இடர்ப்படுபவர், வாந்தி நிற்காதவர், ஆடும் பல்லுடையவர் ஆகியோருக்குக் கூடாது. பல்செட் அணிந்தோருக்கு அது தட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த படுக்கைக்காரருக்குக் கொடுத்ததைப் பார்த்து நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்; செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் மெல்லுவதையும் தவிர்க்க வேண்டும். மறந்து மென்றிருந்தால் மறைக்காமல் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் இருக்கும் பசையோடு மயக்க மருந்து கொடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடும்.

மூன்றாவது கேள்வி, விழுங்கினால் என்னாகும் என்பது. ஏழாண்டு வயிற்றில் இருக்கும் என்று பள்ளியில் நம்மை அச்சுறுத்தியவர்கள் உண்டு. அது தவறு. நம் செரிமான நீர்களால் அப்பசையைக் கரைக்க இயலாது என்பது உண்மைதான்; ஆனால் கரையாத பல பொருள்களைப் போலவே குடலின் அசைவு அதனையும் தள்ளிச் சில நாளில் மலத்தோடு வெளியேற்றிவிடும். குடலின் உட்சுவர் எப்போதும் ஈரமும் வழுவழுப்பும் உடையது; அதில் சூயிங்கம் ஒட்டிக்கொள்வதில்லை. தவறுதலாக ஒன்றை விழுங்கிவிட்ட பெரியவருக்குப் பொதுவாக எதுவும் நேர்வதில்லை. எனினும் அறுவை முடிந்த குடல் இன்னும் அசையாதிருக்கும் நாள்களில் விழுங்காதிருப்பதே முறை. விழுங்கிவிட்டால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் வழக்கமாக விழுங்கினால் கதை வேறு. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், நான்கரை வயதுச் சிறுவன் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை விழுங்கி வந்ததும், ஈராண்டாக மலச்சிக்கலால் அவதியுற்றதும், இறுதியில் மயக்கம் கொடுத்துப் பசையுருண்டையை அகற்ற நேர்ந்ததும் பதிவாகியுள்ளன. அதே அறிக்கையில், விழுங்கிய நாணயங்கள் பசையோடு ஒட்டிக்கொண்டு உணவுக்குழாயில் தங்கிவிட்ட ஒன்றரை வயதுக் குழந்தை பற்றியும் உண்டு. துப்பத் தெரியாத வயதில் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் மூச்சடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. நோயாளியைக் காண வரும் பேரக் குழந்தைகளை அமைதிப்படுத்த இதனைக் கையில் கொடுப்பதை வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு வாய் வறண்டுபோகும். மனநல மருந்துகள், ஒவ்வாமை மருந்துகள் சிலவும் அவ்வாறே செய்யும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருப்பதால் தாகத்தால் வாடுகின்றனர். சுரப்பியில் சிறிதளவேனும் திறன் எஞ்சியிருந்தால், மெல்லும்போது உமிழ்நீர் பல மடங்கு சுரக்கும். முற்றிலும் சுரப்பற்றுப் போனவர்களுக்குப் பயன்படாது. வாய்ப்புண் உள்ளவர்கள் புதினா, இலவங்கப்பட்டை மணமுள்ளவற்றைத் தவிர்க்கவும், எரியும்.

இனிப்பைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். சர்க்கரை சேர்த்தது பற்சொத்தைக்கு உரம். சர்க்கரையில்லாதவற்றில் சார்பிட்டால், சைலிட்டால், மால்டிட்டால் ஆகியவை இருக்கும். உறையில் 420, 967, 965 என்னும் எண்கள் இவற்றைக் குறிக்கும். சைலிட்டாலைப் பற்சொத்தைக் கிருமிகளால் அமிலமாக்க இயலாது என்பது 1970-களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகளால் வெளிச்சத்திற்கு வந்தது. உணவுக்குப்பின் 20 நிமிடம் சர்க்கரையில்லாததை மெல்லுவது பல்லுக்கு நல்லதென்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் சொல்கிறது. அது பல் துலக்குவதற்கு மாற்றாகாது.

அளவு மீறினால் சார்பிட்டால் வயிற்றைக் கழியச் செய்யும். குடலில் முழுதும் உறிஞ்சப்படாமல் நீரை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. 2008-இல் பெர்லின் மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில், நெடுநாள் வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் கொண்டு வந்த 21 வயதுப் பெண்ணுக்கு எல்லாச் சோதனைகளும் செய்தபின், அவர் சூயிங்கம் வழியாகவே நாள்தோறும் 18 முதல் 20 கிராம் வரை சார்பிட்டால் உட்கொண்டு வந்தது கண்டறியப்பட்டது. நிறுத்தியதும் நோயும் நின்றது. ஒரு துண்டில் இருப்பது ஏறத்தாழ 1.25 கிராம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மருத்துவரிடம் உணவுப் பழக்கம் சொல்லும்போது நாம் இட்லியையும் சோற்றையும் சொல்வோமேயன்றி மென்று துப்பியதைச் சொல்வதில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்புசம், தாடை மூட்டில் வலி என்று வருவோர் இதனையும் சொல்லுங்கள்.

951 என்னும் எண் அஸ்பார்டேமைக் குறிக்கும். பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. வீட்டில் நாய் வளர்ப்போர் சைலிட்டால் உள்ளதை எட்டாத இடத்தில் வைக்கவும். மனிதருக்குத் தீங்கற்ற அப்பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி உயிருக்கே ஆபத்தாகும்.

புகையிலையை விட விரும்புவோருக்குக் கொடுக்கும் நிக்கோட்டின் கம்மைச் சூயிங்கம் என்று எண்ணி மெல்பவர்கள் பலர். நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க இயலாத ஸ்வீடன் மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறியதைக் கவனித்ததிலிருந்து அம்மருந்து பிறந்தது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகளில் கிடைக்கிறது. சில முறை மெல்ல வேண்டும். மிளகுக் காரம்போல் நாக்கில் உறைக்கத் தொடங்கியதும் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியபின் மீண்டும் சிறிது மெல்ல வேண்டும். இவ்வாறு அரைமணி நேரம். விடாது மென்றால் நிக்கோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குச் சென்று விக்கலும் நெஞ்செரிச்சலும் தரும், பயனும் குறையும். காப்பியும் பழச்சாறும் வாயைப் புளிப்பாக்கி மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், மெல்லுவதற்கு முந்தைய கால்மணி நேரத்திலும் மெல்லும்போதும் அவற்றைத் தவிர்க்கவும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தோரும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது. குழந்தைகளின் கைக்கு இது எட்டவே கூடாது.

தொடக்கத்தில் சொன்ன அம்மையார் அன்று மாலையே பச்சைக் குறியைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு மெல்லத் தொடங்கினார். புதினா வாசனை பிடிக்கவில்லை என்றும், வெற்றிலை போடாத வாய்க்கு இதாவது கிடைத்ததே என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் காற்றுப் பிரிந்தது. நண்பகலில் கஞ்சி குடித்தார். சூயிங்கத்தால்தான் அது நேர்ந்தது என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். மகளின் தோளைப் பற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் நாளுக்கு நான்கு முறை நடந்ததற்கும் பங்குண்டு.

மென்று முடித்ததை எங்கே போடுவது என்பதும் ஒரு கேள்விதான். சிங்கப்பூரில் ரயில் கதவுகளிலெல்லாம் ஒட்டிவைத்துத் தொல்லை கொடுத்ததால் 1992-இல் விற்பனையையே தடைசெய்தனர். 2004-இல் பல் நலத்திற்கும் புகைப்பழக்கம் விடுவதற்கும் உரிய வகைகளை மட்டும் மருந்தாளுநர் வழியாக அனுமதித்தனர். நம் வார்டில் கட்டில் சட்டத்தின் அடிப்பக்கம்தான் ஒட்டுமிடமாக இருக்கிறது. வாங்கும்போதே உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதிலேயே சுற்றிக் குப்பைக்கூடையில் போடுங்கள். கழிப்பறையில் போட வேண்டாம். போர்வையில் ஒட்டிவிட்டால் பனிக்கட்டியை மேலே வைத்து இறுகச்செய்து உரித்தெடுக்கலாம். தலைமுடியில் ஒட்டினால் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. நீரில் கரையாத அப்பசை எண்ணெயில் இளகும் என்பதால், தேங்காயெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்துச் சீப்பால் வாரினால் வந்துவிடும்.